கீழே ஒண்ணு, சைடுல ரெண்டு

காசு கொடுத்து வாங்கின சாமான் தேயலாம், துருப்பிடிக்கலாம், ஒரு நாள் ஓடாமலே நின்றும் போகலாம். அதில் நமக்குக் கோபம் வராது. சாமான் என்றால் அப்படித்தான். ஆனால் ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு மாதிரி இருந்த சாமான், காலையில் எழுந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கக் கூடாது. இன்றைக்கு நம் வீடுகளில் இருக்கும் டிவி, போன், லேப்டாப் எல்லாவற்றின் மேலும் எனக்கு இருக்கும் எரிச்சலில் முக்கால்வாசி இந்த ஒரு குறையில் அடங்கிவிடும். விலை, பேட்டரி, வேகம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' நான்தான். பையன் என்று சொல்லும் வயதெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது, பட்டம் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சத்துவாச்சாரியில் நான் சாப்பிட்டுவிட்டுக் கண் அயரும் நேரம் பார்த்துத்தான் குடியாத்தத்தில் டிவி வராது, ஆற்காட்டில் போனில் சத்தம் கேட்காது, காட்பாடியில் பிரிண்டர் கோடு கோடாக அடிக்கும். முடிந்தவரை போனிலேயே வைத்தியம் பார்ப்பேன். குடியாத்தம் என்றால் மட்டும் போனில் முடிகிற காரியத்துக்கும் பஸ் ஏறிவிடுவேன். அங்கே அத்தை கைச் சாப்பாடு உண்டு.

அந்த அத்தை வீட்டு டிவி கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவர் வீட்டில் முன்பு இருந்தது, 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கொடுத்த 14 அங்குல கலர் டிவி. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் படம் வரும், இன்னொரு தரம் அழுத்தினால் போகும். கேபிள்காரர் செட்டாப் பாக்ஸ் கொண்டுவந்தபோதும் அது அசரவில்லை. பின்னால் ஏவி ஒயரைச் சொருகினார்கள், படம் வந்தது. பெட்டிக்கு வயசு ஏறியதே தவிர, முதல் நாள் அது செய்த வேலையைத்தான் கடைசி நாளும் செய்தது. பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பித்ததும் ஒரு தீபாவளி ஆஃபரில் 43 அங்குல ஸ்மார்ட் டிவி வந்தது. படம் அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன். அத்தை பார்ப்பது என்னவோ அதே செட்டாப் பாக்ஸில் வரும் அதே சீரியல்கள்தான்.

ஸ்மார்ட் டிவியைப் போட்டதும் சேனல் வராது. முதலில் ஒரு முகப்பு வரும். கட்டம் கட்டமாக ஆப்கள் இருக்கும். அதில் செட்டாப் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று தேடிப் போக வேண்டும். அத்தைக்கு அதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன்: படம் வந்ததும் கீழே ஒரு தட்டு, வலது பக்கம் ரெண்டு தட்டு, அப்புறம் நடுப் பொத்தான். அவ்வளவுதான். அத்தை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "கீழ ஒண்ணு, சைடுல ரெண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருட்டில்கூடப் போட்டுவிடுவார். பக்கத்து வீட்டம்மாவுக்கும் பாடம் எடுத்தார். கண்ணாடி போடாமலே நடக்கும் காரியம், ஏனென்றால் அவர் திரையைப் பார்ப்பதே இல்லை. விரல் பார்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் காலையில் போன். "இன்னா கண்ணு இது, டிவியப் போட்டா எவனோ கார் வித்துகினு இருக்கான். கீழ ஒண்ணு, சைடுல ரெண்டு அமுக்குனா ஏதோ இந்திப் படம் ஓடுது. நான் இன்னாத்தத் தொட்டன்னே தெரியல."

அவர் எதையும் தொடவில்லை. ராத்திரி டிவி தானாக இன்டர்நெட்டில் போய் ஒரு அப்டேட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது. முகப்பின் மேல்பாதி முழுக்க ஒரு விளம்பரப் பலகை முளைத்துவிட்டது. அதற்குக் கீழே 'உங்களுக்காக' என்று ஒரு வரிசை. ஆப்கள் எல்லாம் அதற்கும் கீழே போய்விட்டன. அத்தையின் விரல் பழைய இடத்துக்குத்தான் போகிறது, ஆனால் இடம் நகர்ந்துவிட்டது. விளம்பரம் வந்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. 'நான் எதையோ தொட்டுவிட்டேன்' என்று அவர் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டதுதான் சுருக்கென்றது. நான் வைத்தியம் பார்க்கப் போகும் வீடுகளில் பெரியவர்கள் எல்லாரும் முதலில் சொல்லும் வார்த்தை இதுதான். எங்கோ ஒரு ஆபீஸில் யாரோ ஒருவர் எடுத்த முடிவுக்கு, இங்கே அறுபது தாண்டின அம்மா தன் கையை நொந்துகொள்கிறார்.

டிவி கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. டிவி விற்பதில் கிடைக்கும் லாபம் சொற்பம். விற்றபிறகு அதை வைத்துச் சம்பாதிப்பதில்தான் காசு. அமெரிக்காவில் விசியோ என்ற டிவி கம்பெனி 2021-இல் ஒரு காலாண்டுக் கணக்கை வெளியிட்டபோது, டிவி விற்று வந்த லாபத்தைவிட விளம்பரத்திலும் பார்வையாளர் தகவலிலும் வந்த லாபம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அதே கம்பெனிதான் 2017-இல், 1.1 கோடி டிவிகளில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்களைச் சரியாகக் கேட்காமல் சேகரித்ததற்காக 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அப்படியென்றால் 43 அங்குலப் பெட்டிக்குத் தவணை கட்டியது நாம், ஆனால் அந்தப் பெட்டி சம்பாதித்துக்கொடுப்பது வேறு யாருக்கோ. திரையின் மேல்பாதியை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வாடகை நமக்கு வருவதில்லை.

அத்தையின் மகன், எனக்கு மச்சான், இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "புதுசாக் கத்துக்கிட்டாப் போச்சு. இதுக்குப் போயி இவ்ளோ பேச்சா?" என்றான். அவன் பெங்களூரில் சாப்ட்வேரில் இருக்கிறான், இப்படிப் பொத்தானை நகர்த்துவதே அவன் பிழைப்பாகவும் இருக்கலாம். கற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த டிவியைப் பற்றி அத்தையிடம் இருந்த மொத்தப் படிப்பே அந்த மூன்று தட்டுதான். அதைச் சேர்க்க அவர் செலவழித்த நேரம் அவருடையது. ஒரே ராத்திரியில் அது செல்லாமல் போனால், யாரோ அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் கணக்கு. இருபது வயதில் நமக்கு அந்த நஷ்டம் தெரியாது. அறுபதில் தெரியும். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தால் ஒரு கட்டத்தில் மனிதர்கள் ரிமோட்டைப் பேரப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். பிறகு நாம் 'பெரியவங்களுக்கு டெக்னாலஜி வராது' என்று தீர்ப்புச் சொல்கிறோம்.

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொறுப்பில்லாத பேச்சு. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப்போட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள், தள்ளிப்போட்டவர்கள் மாட்டினார்கள். ஆகவே ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும். என் சண்டை அதோடு ஒட்டிக்கொண்டு வரும் மற்றதோடு. கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிட்டால், ஒழுகலை அடைத்துவிட்டு, கையோடு அடுப்பங்கரையைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டும் போகிறான். பாதுகாப்பு அப்டேட் தனி, தோற்ற மாற்றம் தனி என்று பிரித்துக் கொடுப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் பெரிதாக இல்லை. சர்வர்களில் ஓடும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் அப்படித்தான் வருஷக்கணக்கில் கொடுக்கிறார்கள்; பதிப்பு மாறாது, ஓட்டைகள் மட்டும் அடைபட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுச் சாமானுக்கு அந்த மரியாதை கிடையாது.

இப்போது காட்பாடிக்குப் போவோம். அங்கே பெரியப்பா மகன், அண்ணன், ஒரு கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ், டிடிபி, கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, காதணி, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், பில் புக் என்று எல்லாம். கடையின் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் விண்டோஸ் எக்ஸ்பி, அதற்குள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7. பார்க்கிற இளசுகள் எல்லாம் சிரிப்பார்கள். அடோபி அந்தப் பதிப்பை வெளியிட்டது 2001-இல். அதற்கப்புறம் பேஜ்மேக்கரில் புதுப் பதிப்பே வரவில்லை, எங்கள் இன்னொரு மென்பொருளான இன்டிசைனுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ அச்சகங்கள் வரவில்லை.

அண்ணன் பிடிவாதக்காரர் இல்லை. அவர் தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். பழைய தட்டச்சு மெஷினின் விசை வரிசை அவர் விரலில் இருக்கிறது. வாடிக்கையாளர் சொல்லச் சொல்ல, 'நிகழும் மங்களகரமான' என்பதை அவர் விசைப்பலகையைப் பார்க்காமல் அடிப்பதைப் பார்க்க வேண்டும். அவரிடம் இருக்கும் எழுத்துருக்கள் எல்லாம், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு இங்கே புழக்கத்துக்கு வருவதற்கு முந்தையவை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கி விற்ற காலம் அது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் ஒரு தரம் வகுத்தார்கள், 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்குள் அச்சகங்களில் மலை மலையாகக் கோப்புகள் சேர்ந்துவிட்டன. பேஜ்மேக்கருக்கோ யூனிகோடே தெரியாது. அந்தக் கோப்பைப் புது மென்பொருளில் திறந்தால், எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் பூச்சி பூச்சியாகத்தான் தெரியும்.

அந்தக் கோப்புகள்தான் அண்ணன் தொழிலுக்கு மூலதனம். மூத்த மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்த குடும்பம் சில வருஷம் கழித்துச் சின்ன மகனுக்கு வரும். அண்ணன் பழைய கோப்பைத் திறப்பார், மணமக்கள் பேர், தேதி, மண்டபம் மாற்றுவார், இறந்துபோன தாத்தா பேருக்கு முன்னால் 'தெய்வத்திரு' சேர்ப்பார். அரை மணி நேரத்தில் ப்ரூஃப் தயார். "இதையே அந்தப் புதுசுல செய்யணும்னா மொதல்லேர்ந்து அடிக்கணும், அப்புறம் மாசா மாசம் அவனுக்கு வாடகை கட்டணும்" என்கிறார். அவர் சொல்வது சரி. இன்டிசைனைக் காசு கொடுத்துச் சொந்தமாக வாங்கும் கடைசி வாய்ப்பு 2012-இல் வந்த சிஎஸ்6. 2013-லிருந்து சந்தாதான். வேலை இல்லாத ஆடி மாதத்துக்கும் கட்டியாக வேண்டும்.

ஒரு தடவை அவரிடம், மாறிவிடுங்கள், நான் சொல்லித்தருகிறேன் என்றேன். அவர் எக்ஸ்பி பெட்டியைத் தட்டிக்காட்டி, "இவன் மாறலடா. அதனாலதான் எனக்கு வேல நடக்குது" என்றார். நான் அதிகம் யோசித்தது இந்த ஒரு பேச்சைத்தான். அந்த மென்பொருளை அதன் கம்பெனியே கைவிட்டுவிட்டது. கைவிட்டதால்தான் அது நிம்மதியாக இருக்கிறது. யாரும் வந்து பொத்தானை நகர்த்துவதில்லை, 'புதிய வசதி' என்று குறுக்கே ஒரு பெட்டி வந்து நிற்பதில்லை, உள்ளே நுழையக் கடவுச்சொல் கேட்பதில்லை. கம்பெனி அக்கறையோடு பார்த்துக்கொள்ளும் மென்பொருளில் இந்த நிம்மதி கிடைப்பதில்லை என்பது எவ்வளவு விநோதம்!

அதற்கு விலை இல்லாமல் இல்லை. எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரல் 8-இல். அந்தப் பெட்டியை இன்டர்நெட்டில் சேர்ப்பது தற்கொலை. வாட்ஸ்அப்பில் வரும் போட்டோக்களை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, வைரஸ் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து, பென்டிரைவில் கொண்டுபோக வேண்டும். ஹார்ட் டிஸ்க் போனால் கடை போச்சு என்பதால் அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்திருக்கிறோம். அதே மாடல் மதர்போர்டு ஒன்று சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. அதுவும் பீரோவில் உறங்குகிறது. இவ்வளவு பாடும் பட்டுத்தான் ஒரு மனிதர் தன் தொழிலை நேற்று செய்தபடி இன்றும் செய்ய முடிகிறது.

அவர் கடையில் புதுச் சாமானும் உண்டு. மை டாங்க் வைத்த கலர் பிரிண்டர் ஒன்று, கல்யாண சீசன் உச்சத்தில் இரண்டு சிவப்பு விளக்கையும் மாற்றி மாற்றி மின்னிக்கொண்டு நின்றுவிட்டது. மை நிறைய இருக்கிறது, பேப்பர் சிக்கவில்லை. விஷயம் என்னவென்றால், பிரிண்டர் தன் மூக்கைச் சுத்தம் செய்யும்போது வீணாகும் மையை உறிஞ்ச அடியில் ஒரு பஞ்சு இருக்கும். அது நிரம்பியிருக்கும் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. பஞ்சைப் பார்த்து அல்ல, சுத்தம் செய்யும்போதெல்லாம் ஏறும் ஒரு எண்ணிக்கையை வைத்து. எண்ணிக்கை தாண்டினால் பூட்டிக்கொள்ளும். சர்வீஸ் சென்டரில் கேட்ட தொகைக்குப் பாதி பிரிண்டர் வாங்கலாம். வேலூரில் ஒரு மெக்கானிக் பஞ்சைக் கழற்றிக் கழுவி வெயிலில் காயவைத்து, ஒரு சாப்ட்வேரைப் போட்டு எண்ணிக்கையைச் சுழியம் ஆக்கிக் கொடுத்தார். நியாயமாகச் சொன்னால் அந்தப் பஞ்சை எப்போதாவது மாற்றத்தான் வேண்டும், இல்லையென்றால் மை மேஜையில் வழியும். அதை நாமே மாற்றும்படி வைத்திருக்கலாமே என்பதுதான் கேள்வி. இப்போது வரும் சில மாடல்களில் அப்படித்தான் வைக்கிறார்கள். அப்படியென்றால் முன்பும் வைத்திருக்க முடியும்.

விண்டோஸ் 10 விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லாரும் பேசியது. 2015-இல் வந்தபோது இதுதான் கடைசி விண்டோஸ், இனி இதுவே மெருகேறிக்கொண்டிருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே மேடையில் பேசினார். 2021-இல் 11 வந்தது. 2025 அக்டோபர் 14-இல் பத்துக்கு ஆதரவு முடிந்தது. பதினொன்றுக்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை, அதாவது 2017-க்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதற்கு முந்தைய லேப்டாப்புகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் தகுதி இல்லை. இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் தருகிறோம் என்றார்கள், அதற்கும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்தாக வேண்டும். அக்கவுன்ட்டே இல்லாமல் கடையில் பில் போட மட்டும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஆளுக்கு இதை எப்படி விளக்குவது? நான் சிலருக்கு லினக்ஸ் போட்டுக்கொடுத்தேன். பிரவுசரும் வீடியோவும் போதும் என்பவர்களுக்கு அது சுகமாக ஓடுகிறது. ஆனால் ஆடிட்டர் கேட்கும் சாப்ட்வேர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என்று வந்துவிட்டால் லினக்ஸ் பக்தர்கள் சொல்வதுபோல் அவ்வளவு சுலபம் இல்லை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸோடு, இந்தியாவிலேயே உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் வந்தது. பிள்ளைகள் எந்தப் பக்கம் போனார்கள் என்று நமக்குத் தெரியும்.

போன் பக்கம் வந்தால் வேறொரு கோபம் சேர்ந்துகொள்கிறது. அது நம் ஊர் வெயில்.

ஆப்பிள் தன் ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. அவர்கள் இணையப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வேலூரில் கத்திரி வெயிலில் 40 தாண்டுவது செய்தியே இல்லை; 42, 43 போன வருஷங்கள் உண்டு. அதாவது மே மாதத்தில் மதியம் நிழலில் நின்றாலே நாம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறோம். உணவு டெலிவரி செய்யும் பையன்கள் பைக் ஹேண்டிலில் போனை மாட்டிக்கொண்டு கிரீன் சர்க்கிள் சிக்னலில் நிற்கிறார்களே, அந்தப் போனுக்குள் என்ன சூடு இருக்கும்? லித்தியம் பேட்டரிக்கு எமன் சூடு. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். குளிர்தேசத்தில் நெடுநாள் உழைக்கும் பேட்டரி இங்கே சீக்கிரமே உப்பிக்கொண்டு பின்மூடியைத் தள்ளுவதில் ஆச்சரியம் என்ன?

அப்படியென்றால் பேட்டரியைக் கழற்றி மாற்றும் வசதி யாருக்கு அதிகம் வேண்டும்? நமக்கு. சட்டம் எங்கே வந்திருக்கிறது? ஐரோப்பாவில். 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று அங்கே விதி, சில விலக்குகளோடு. 2025 ஜூன் முதல் அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் போன் மாடலுக்கு, விற்பனை நின்றபிறகும் ஐந்து வருஷம் அப்டேட் தர வேண்டும். நம் ஊரில் 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் திறந்தது. நல்ல காரியம், ஆனால் போனுக்குள் பேட்டரியை ஒட்டியிருக்கும் பசையை இணையதளம் இளக்காது.

பசையை இளக்குவது பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள். இவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரு மேஜை, ஒரு ஹீட் கன், பூதக்கண்ணாடி விளக்கு. சார்ஜ் ஏறவில்லை என்றால் "பின்னு போயிருக்கும், இல்லாட்டி சிசி போர்டு" என்று போனைக் கையில் வாங்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். உடைந்த திரைக்கு 'காம்போ' விலை ஒரிஜினலுக்கு ஒன்று, காப்பிக்கு ஒன்று என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்ற வேண்டும் என்ற போனை, அதில் ஒரே ஒரு ஐசியை மட்டும் மாற்றி உயிர் கொடுத்த ஆளை எனக்குத் தெரியும். இப்போது அவர்கள் வயிற்றிலும் அடி. புதுத் திரை மாட்டினால் 'இது அசல் பாகம் அல்ல' என்று போனே எச்சரிக்கை காட்டுகிறது, சில வசதிகள் வேலை செய்ய மறுக்கின்றன. காசு கொடுத்த நான் ஒத்துக்கொண்டேன், மாட்டிய மெக்கானிக் ஒத்துக்கொண்டார், போன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது!

மாறாமல் இருப்பது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், நான் அவர்களை நேதாஜி மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவேன். கீரைக் கட்டுக்கு நடுவே சொருகியிருக்கும் கியூஆர் அட்டையைக் காட்டுவேன். மூலை மடங்கி, மஞ்சள் கறை படிந்து, வெளுத்துப்போன அட்டை. எந்த ஆப்பில் ஸ்கேன் செய்தாலும் பணம் போகிறது. காரணம், அது எந்த ஒரு கம்பெனியின் இஷ்டத்திலும் இல்லை. 2016-இல் யுபிஐ வந்தது. ஒரு கம்பெனியின் ஆப்பில் மட்டும் வேலை செய்யும் கியூஆர் இனிக் கூடாது, எல்லாம் பொதுவானதாக மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-இல் சொல்லி, 2022 மார்ச் வரை கெடு வைத்தது. கீரைக்கார அம்மாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதே இல்லை. அட்டை மாறவில்லை, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

அதே இடத்தில் என் கையில் இருக்கும் ஆப்பைப் பாருங்கள். இருபது ரூபாய் அனுப்பத் திறந்தால் முதலில் கடன் வேண்டுமா என்கிறது. அதை மூடினால் தங்கம் வாங்கு என்கிறது. அதையும் மூடினால், போன வாரம் கீழே நடுவில் இருந்த ஸ்கேன் பொத்தான் இருந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது. பின்னால் நிற்கிறவர் முழங்கையால் இடிக்கிறார். அந்த அம்மா "மெதுவாப் போடுப்பா, கீரை ஓடிப்போவாது" என்கிறார்.

ஆக, பொதுவில் பேசி முடிவு செய்த பகுதி அசையாமல் நிற்கிறது, ஒரு கம்பெனியின் பிடியில் இருக்கும் பகுதி தினமும் ஆடுகிறது. எழுபது வயது அம்மா நம்பிக் கைவைக்கும் பகுதிகளையாவது, டிவியைப் போட்டதும் கடைசியாகப் பார்த்த சேனலுக்குப் போவது, போனில் அழைப்பை எடுப்பது, காசு அனுப்புவது போன்றவற்றை, இப்படி அசையாத பக்கம் கொண்டுவரச் சட்டம் போடலாம். நம் நாட்டில் அது முடியாது என்று யாரும் சொல்ல முடியாது; யுபிஐயில் செய்திருக்கிறோம்.

அதுவரைக்கும் நான் சொந்தக்காரர்கள் வீட்டில் செய்வது இதுதான். டிவியை வைஃபையில் சேர்ப்பதே இல்லை. யாராவது யூடியூப் கேட்டால் டிவியின் பின்னால் சொருகும் ஸ்டிக் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டுகிறேன். அது கெட்டுப்போனால் அதை மட்டும் தூக்கிப் போடலாம். டிவி செட்டிங்கில், போட்டதும் நேராகச் செட்டாப் பாக்ஸுக்குப் போகும்படி ஒரு தேர்வு சில மாடல்களில் ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பிடித்து வைக்கிறேன். போனில் நீக்க முடிந்த ஆப்களை நீக்கிவிட்டு, முடியாததை முடக்கிவிட்டு, பூட்டுத் திரையில் படம் காட்டி விளம்பரம் ஓட்டும் வசதியை அணைக்கிறேன். பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் நானே போடுகிறேன், போட்ட பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்து எது எங்கே போனது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். அத்தை வீட்டு டிவி இப்போது நேராகச் சீரியலுக்குப் போகிறது. கார் விற்கிறவன் வருவதில்லை.

ஆற்காட்டில் சித்தப்பா புது வாஷிங் மெஷின் வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டுப் போன வாரம் போன் செய்தேன். வைஃபை இருக்கிற மாடல் மட்டும் வேண்டாம் சித்தப்பா, துணி துவைக்க இன்டர்நெட் எதற்கு என்று ஆரம்பித்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நேத்தே புக் பண்ணிட்டேன்டா. ஆஃபர்ல ஸ்மார்ட் வாட்ச் ஒண்ணு ஃப்ரீயாம். ஞாயித்துக்கெழம வந்து ரெண்டுத்தையும் செட் பண்ணிக் குடுத்துட்டுப் போ" என்றார்.